பாதிக் கிணறு தாண்டும் சிவப்பு ஒளி

பள்ளி மாணவர்களுக்கு நவீன இயற்பியலைச் சொல்லிக் கொடுக்க முனைபவர்களில் பலர், பெட்டிக்குள் அடைபட்ட பூனையிடமிருந்தோ, விண்வெளிக்குச் சென்று திரும்பும்போது தன் உடன்பிறந்தவனைவிட இளமையாக இருக்கும் இரட்டையனிடமிருந்தோ தொடங்குகிறார்கள். கேட்கச் சுவையாகத்தான் இருக்கிறது; வகுப்பும் கலகலப்பாகிறது. ஆனால் மணி அடித்தபின் மாணவர் கையில் மிஞ்சுவது உலகம் விசித்திரமானது என்ற வியப்பு மட்டுமே. அதை வைத்துக்கொண்டு அவரால் ஒரு கணக்குப் போட முடியாது, ஒரு சோதனை செய்து பார்க்க முடியாது, ‘குவாண்டம்’ என்ற பெயரை ஒட்டி யாராவது ஒரு வளையலையோ தண்ணீர்க் குடுவையையோ விற்க வந்தால் அது ஏமாற்று என்று கண்டுகொள்ளவும் முடியாது.

பாடநூல் வழி இதற்கு நேர் எதிரானது. தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலின் இரண்டாம் தொகுதியில் ‘கதிர்வீச்சு மற்றும் பருப்பொருளின் இருமைப்பண்பு’ என்றோர் அலகு இருக்கிறது. அந்த அலகின் மீது எனக்குப் பெரிய குறை எதுவும் இல்லை. ஆனால் அது வகுப்பறைக்கு வந்து சேரும் நேரத்தில் திருப்புதல் தேர்வுகள் நெருங்கிவிடுகின்றன. ஐன்ஸ்டீனின் ஒளிமின் சமன்பாடு கரும்பலகையில் முதலில் ஏறிவிடுகிறது, அது எந்தச் சிக்கலைத் தீர்க்கப் பிறந்தது என்பது நேரம் இருந்தால் பிறகு சொல்லப்படுகிறது. கேள்வி தெரியாமல் விடையை மட்டும் பெற்ற மாணவர் அதை மனப்பாடம் செய்வதைத் தவிர வேறென்ன செய்ய முடியும்?

ஆகவே இந்தப் பதிவில், ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை உள்ளவர்களுக்காக, ஒரே ஒரு வாசலை மட்டும் திறந்து காட்ட விரும்புகிறேன். அது ஒளிமின் விளைவு. உலோகத்தின் மீது ஒளி விழுந்தால் அதிலிருந்து எலக்ட்ரான்கள் வெளியேறுகின்றன, நிகழ்ச்சி அவ்வளவுதான். சார்பியலைவிடவும், அணுக்கருவைவிடவும், ஏன் எக்ஸ் கதிரைவிடவும் இதுவே சிறந்த தொடக்கம் என்பது என் எண்ணம். ஏனெனில் இங்கே பழைய இயற்பியல் எந்த இடத்தில் முறிகிறது என்பதைக் கூட்டல், பெருக்கல் மட்டுமே தெரிந்த ஒருவராலும் விரல் வைத்துக் காட்ட முடியும்.

முறிவதற்கு முன் அந்தப் பழைய இயற்பியல் எவ்வளவு உறுதியாக நின்றது என்பதை முதலில் பார்க்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தாமஸ் யங் ஒளியின் குறுக்கீட்டைக் காட்டினார்: இரண்டு ஒளிக்கற்றைகள் ஒன்றன்மேல் ஒன்று விழும்போது சில இடங்களில் வெளிச்சம் கூடுகிறது, சில இடங்களில் இருள் வருகிறது. ஒளியும் ஒளியும் சேர்ந்து இருளாவது அலைகளுக்கு மட்டுமே இயலும். 1860களில் மாக்ஸ்வெல், ஒளி என்பது மின்காந்த அலை என்று கணிதத்தின் வழியே நிறுவினார். இது எவரோ அரைகுறையாக ஊகித்த கொள்கை அன்று; கண்ணாடி வில்லை முதல் வானவில் வரை அனைத்தையும் எண்ணளவில் சரியாகச் சொன்ன கொள்கை. பழைய அறிஞர்கள் அறியாமையில் இருந்தார்கள், ஐன்ஸ்டீன் வந்து கண்ணைத் திறந்தார் என்ற பாணியில் இதைச் சொல்லும் ஆசிரியர்கள், மாணவருக்கு அறிவியலைப் பற்றிய தவறான படம் ஒன்றையே கொடுக்கிறார்கள்.

மாக்ஸ்வெல் சொன்ன அலைகள் உண்மையிலேயே இருக்கின்றன என்று ஆய்வகத்தில் காட்டியவர் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் பணியாற்றிய ஹைன்ரிக் ஹெர்ட்ஸ். ஒரு கருவியில் தீப்பொறி பாய்ச்சினால், எதனோடும் இணைக்கப்படாமல் எட்டத்தில் இருந்த கம்பி வளையத்தின் சிறு இடைவெளியிலும் பொறி தோன்றியது; அலை பயணம் செய்திருக்கிறது. அந்த இரண்டாவது பொறி மிகவும் சன்னமானது. அதைத் தெளிவாகப் பார்ப்பதற்காக ஹெர்ட்ஸ் அதைச் சுற்றி ஓர் இருட்டுப் பெட்டியை அமைத்தார். பெட்டி வந்ததும் பொறி இன்னும் குறுகிவிட்டது. இருட்டு எப்படிப் பொறியைக் குறைக்கும்? அவர் ஒவ்வொரு தடுப்பாக இடையில் வைத்துப் பார்த்தார். கண்ணாடித் தகடு வைத்தால் பொறி குறைந்தது. குவார்ட்ஸ் தகடு வைத்தால் குறையவில்லை. முதல் பொறியிலிருந்து வரும் புற ஊதா ஒளி இரண்டாவது பொறிக்கு உதவுகிறது என்ற முடிவுக்கு வந்தார். சாதாரணக் கண்ணாடி குறைந்த அலைநீளமுள்ள புற ஊதாவை விழுங்கிவிடும், குவார்ட்ஸ் அதை விட்டுவிடும். 1887ஆம் ஆண்டு இதைக் கட்டுரையாக வெளியிட்டுவிட்டு அவர் அலைகளை ஆராயத் திரும்பிவிட்டார். 1894ஆம் ஆண்டு, தம் 36ஆம் வயதில் இறந்தும் போனார். ஒளி அலைதான் என்பதற்கு இறுதிச் சான்று தந்த அதே மேசையில்தான் அந்தக் கொள்கையை ஆட்டிவைக்கப்போகும் விளைவும் முதன்முதலில் தலைகாட்டியது.

அடுத்த ஆண்டே வில்ஹெல்ம் ஹால்வாக்ஸ், எதிர்மின்னூட்டம் கொண்ட துத்தநாகத் தகட்டின் மீது புற ஊதா ஒளி பட்டால் அதன் மின்னூட்டம் கசிந்து போவதையும், நேர்மின்னூட்டம் கொண்ட தகட்டில் அவ்வாறு நிகழாததையும் கண்டார். 1897இல் ஜே. ஜே. தாம்சன் எலக்ட்ரானைக் கண்டறிந்த பிறகு, கசிந்து வெளியேறுவது எலக்ட்ரான்களே என்பது தெளிவாயிற்று. இதில் அலைக் கொள்கைக்கு எந்தச் சங்கடமும் இல்லை. அலை வந்து மோதுகிறது, உள்ளிருக்கும் எலக்ட்ரான் ஆடுகிறது, ஆட்டம் மிகுந்தால் பிய்த்துக்கொண்டு வெளியே வருகிறது.

சங்கடத்தைக் கொண்டுவந்தவர் ஹெர்ட்ஸிடம் உதவியாளராக இருந்த பிலிப் லெனார்டு. 1902இல் அவர் வெளியிட்ட சோதனையின் உள்ளமைப்பை மாணவர்கள் மனத்தில் வரைந்து பார்க்க வேண்டும். காற்று நீக்கப்பட்ட குழாய்க்குள் இரண்டு உலோகத் தகடுகள் இருக்கின்றன. ஒன்றின் மீது ஒளி விழ, எலக்ட்ரான்கள் வெளியேறி மற்றதை அடைகின்றன, மின்னோட்டம் பாய்கிறது. இப்போது இரண்டாவது தகட்டுக்குச் சிறிது சிறிதாக எதிர்மின்னழுத்தம் கொடுக்கிறோம். எலக்ட்ரானும் எதிர்மின்னூட்டம் கொண்டதாகையால் அந்தத் தகடு அதைத் தள்ளுகிறது. மெதுவாக வருபவை முதலில் திரும்பிவிடுகின்றன. பிறகு வேகமானவையும் திரும்புகின்றன. ஒரு குறிப்பிட்ட மின்னழுத்தத்தில் மின்னோட்டம் அடியோடு நின்றுவிடுகிறது. அதுவே நிறுத்து மின்னழுத்தம். மிக வேகமான எலக்ட்ரானின் ஆற்றல் என்ன என்பதை அது நேரடியாகச் சொல்லிவிடும். கண்ணுக்குத் தெரியாத ஒரு பொருளின் ஆற்றலை ஒரு வோல்ட் மீட்டரின் முள் காட்டுகிறது என்பதிலேயே ஒரு வகுப்பு நேரத்தைச் செலவிடலாம்.

லெனார்டு தம் விளக்கின் வெளிச்சத்தை ஆயிரம் மடங்கு அளவுக்கு மாற்றிப் பார்த்தார். வெளிச்சம் கூடக்கூட வெளிவரும் எலக்ட்ரான்களின் எண்ணிக்கை கூடியது. ஆனால் நிறுத்து மின்னழுத்தம் அசையவில்லை. ஒவ்வொரு எலக்ட்ரானுக்கும் கிடைத்த ஆற்றல், விளக்கு மங்கலாக இருந்தபோதும் பளீரென்று எரிந்தபோதும் ஒன்றுதான். ஒளியின் வகையை மாற்றினால் மட்டுமே அது மாறியது. கடலில் அலை பெரிதானால் படகு அதிகமாகத் தூக்கி எறியப்பட வேண்டும் என்று எதிர்பார்க்கும் எந்தக் கொள்கைக்கும் இது புரியாத செய்தி.

இன்னொரு முரண்பாட்டைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். மாணவர்கள் தாள் எடுத்துக்கொள்ளட்டும். முழுநிலவின் ஒளி ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு மில்லிவாட், அதாவது வினாடிக்கு 10⁻³ ஜூல் ஆற்றலைத் தருகிறது என்று கொள்வோம். ஒரு சோடியம் அணுவின் குறுக்குப் பரப்பு ஏறத்தாழ 10⁻¹⁹ சதுர மீட்டர். ஒளி பரவலாக விழும் அலை என்றால், ஓர் அணுவின் பங்குக்கு வினாடிக்கு 10⁻²² ஜூல்தான் கிடைக்கும். சோடியத்திலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிரிக்கக் குறைந்தது 3.7 × 10⁻¹⁹ ஜூல் தேவை. வகுத்துப் பாருங்கள்: 3,700 வினாடிகள், அதாவது ஒரு மணி நேரத்துக்கும் சற்று மேல். நிலவொளியில் சோடியத் தகட்டை வைத்துவிட்டு, முதல் எலக்ட்ரானுக்காக ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்கிறது அலைக் கணக்கு. உண்மையில் அப்படிக் காத்திருக்க வேண்டியதே இல்லை. 1920களின் இறுதியில் செய்யப்பட்ட நுட்பமான அளவீடுகள், ஒளி படுவதற்கும் எலக்ட்ரான் வெளிவருவதற்கும் இடையே தாமதம் இருந்தால்கூட அது ஒரு வினாடியின் நூறு கோடியில் சில பங்குதான் என்று காட்டின. கணக்குக்கும் உண்மைக்கும் இடையே உள்ள தூரம் பத்து, இருபது விழுக்காடு அன்று. ஒன்றுக்குப் பின்னால் பன்னிரண்டு சுழியம். ஒரு கொள்கை இத்தனை தூரம் பிசகினால் அதைப் பட்டி பார்த்துச் சரிசெய்ய முடியாது.

1905ஆம் ஆண்டு, பெர்ன் நகரக் காப்புரிமை அலுவலகத்தில் பணியாற்றிய 26 வயது ஐன்ஸ்டீன் சொன்ன தீர்வு ஒரு வாக்கியத்தில் அடங்கும். ஒளியின் ஆற்றல் தொடர்ச்சியாகப் பரவி வரவில்லை. பிரிக்க முடியாத பொட்டலங்களாக வருகிறது, ஒவ்வொரு பொட்டலத்தின் ஆற்றலும் அந்த ஒளியின் அதிர்வெண்ணைப் பொறுத்தது. அதிர்வெண்ணைப் பிளாங்க் மாறிலியால் பெருக்கினால் ஒரு பொட்டலத்தின் ஆற்றல் கிடைக்கும். அந்த மாறிலியை 1900ஆம் ஆண்டு டிசம்பரில் மாக்ஸ் பிளாங்க், சூடான பொருள்கள் ஒளிரும் விதத்தை விளக்குவதற்காக அறிமுகப்படுத்தியிருந்தார். (ஐன்ஸ்டீனின் அந்த முதல் கட்டுரையில் பிளாங்கின் குறியீடு இல்லை, அதற்கு ஈடான வேறொரு கோவையையே அவர் எழுதினார். இது தேர்வில் வராது, ஆனாலும் சொல்லத் தோன்றியது.) ஃபோட்டான் என்ற பெயர் நிலைபெற்றது 1926க்குப் பிறகுதான்.

உலோகத்தை விட்டு வெளியேற எலக்ட்ரானுக்கு ஒரு குறைந்தபட்ச ஆற்றல் வேண்டும். பாடநூல் அதை வெளியேற்று ஆற்றல் என்கிறது. ஓர் எலக்ட்ரான் ஒரு நேரத்தில் ஒரு ஃபோட்டானைத்தான் விழுங்குகிறது. அந்த ஒரு ஃபோட்டானின் ஆற்றல் போதுமானதாக இருந்தால் எலக்ட்ரான் வெளியே வரும், மிச்சம் அதன் வேகமாக மாறும். போதாவிட்டால் ஒன்றும் நடக்காது. பாதிக் கிணறு தாண்டுவது என்று நாம் சொல்வதில்லையா, அதே கதைதான்: ஆயிரம் பேர் வரிசையாக வந்து ஆளுக்குப் பாதிக் கிணறு தாண்டினால், ஐந்நூறு பேர் அக்கரை சேர்ந்ததாகக் கணக்கு வராது, ஆயிரம் பேரும் தண்ணீருக்குள்தான் இருப்பார்கள். வெளிச்சத்தைக் கூட்டுவது தாண்ட வருகிறவர்களின் எண்ணிக்கையைக் கூட்டுவது. அதிர்வெண்ணைக் கூட்டுவதுதான் ஒருவர் தாண்டும் தூரத்தைக் கூட்டுவது. லெனார்டு கண்ட இரண்டு செய்திகளும், தாமதம் இல்லாததும், இந்த ஒரு கருத்தில் ஒருசேர அடங்கிவிடுகின்றன.

இனி எண்கள். ஆற்றலை ஜூலில் எழுதினால் சுழியங்கள் கண்ணைக் கட்டும் என்பதால் எலக்ட்ரான் வோல்ட்டைப் பயன்படுத்துவோம். ஓர் எலக்ட்ரான் ஒரு வோல்ட் மின்னழுத்த வேறுபாட்டைக் கடக்கும்போது பெறும் ஆற்றல் அது. நானோமீட்டரில் உள்ள அலைநீளத்தால் 1,240ஐ வகுத்தால் ஃபோட்டானின் ஆற்றல் எலக்ட்ரான் வோல்ட்டில் கிடைத்துவிடும். இந்த ஒரு வகுத்தலை மனத்தில் இருத்திக்கொண்டால் போதும், பாதி நவீன இயற்பியலுக்குள் நடமாடலாம். 650 நானோமீட்டர் சிவப்புக்கு 1.9, 450 நானோமீட்டர் நீலத்துக்கு ஏறத்தாழ 2.8, 250 நானோமீட்டர் புற ஊதாவுக்கு ஏறத்தாழ 5. சோடியத்தின் வெளியேற்று ஆற்றல் ஏறத்தாழ 2.3, துத்தநாகத்துக்கு 4.3. ஆகவே சிவப்பு ஒளி சோடியத்தை ஒன்றும் செய்யாது, நீலம் செய்யும். துத்தநாகத்துக்கோ கண்ணுக்குத் தெரியும் எந்த ஒளியும் போதாது. ஹெர்ட்ஸின் கண்ணாடித் தகடு எதைத் தடுத்தது, குவார்ட்ஸ் எதை அனுமதித்தது என்பதற்கும் இப்போது நீங்களே விடை சொல்ல முடியும்.

காற்று நீக்கிய குழாயும் சோடியத் தகடும் எந்தப் பள்ளியிலும் எளிதில் கிடைக்காது. அதனால் நான் மாணவர்களிடம் முதலில் கையில் கொடுப்பது, வீட்டுக் கூரையில் நட்சத்திரம் நட்சத்திரமாக ஒட்டி வைப்பார்களே, இருட்டில் பச்சையாக ஒளிரும் அந்த ஸ்டிக்கர். கடைகளில் ‘ரேடியம் ஸ்டிக்கர்’ என்று கேட்டாலே கொடுப்பார்கள். அதில் ரேடியம் ஒரு துளியும் கிடையாது, அச்சம் வேண்டாம். ஸ்டிக்கரை இரவு முழுவதும் ஒரு தகரப் பெட்டிக்குள் வைத்து, அதில் தேங்கிய ஒளி முழுவதும் வடிந்த பிறகு, விளக்கணைத்த அறையில் வெளியே எடுக்க வேண்டும். முதலில் சிவப்பு லேசர் முனையை அதன் மீது நிறுத்துங்கள். ஒருவர் கண்ணிலும் படாமல், கீழ்நோக்கிப் பிடித்தே செய்ய வேண்டும். ஒரு நிமிடம் போகட்டும், இரண்டு நிமிடம் போகட்டும். லேசரை அணைத்தால் அந்த இடத்தில் எந்தத் தடமும் இருக்காது. ஒரு மில்லிவாட் சிவப்பு லேசர் வினாடிக்கு மூவாயிரம் லட்சம் கோடிக்கும் மேற்பட்ட ஃபோட்டான்களைக் கொட்டுகிறது என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும். பிறகு மங்கலான ஒரு நீல எல்இடியை எடுத்து ஸ்டிக்கரைத் தொட்டாற்போல் வைத்து இழுங்கள். பின்னால் பச்சைக் கோடு எழுதிக்கொண்டே வரும். மாணவர்கள் தங்கள் பெயரை எழுதத் தொடங்கிவிடுவார்கள், எழுதட்டும். இங்கே எலக்ட்ரான் பொருளை விட்டு வெளியே போவதில்லை, படிகத்துக்குள்ளேயே உயர்ந்த ஆற்றல் நிலைக்குத் தூக்கப்பட்டு மெதுவாக இறங்குகிறது. ஆகவே இது ஒளிமின் உமிழ்வு அன்று. ஆனால் ஒரு ஃபோட்டானால் தூக்க முடியாததை லட்சம் கோடி ஃபோட்டான்கள் வரிசையில் வந்தாலும் தூக்க முடியாது என்ற தர்க்கம் அப்படியே இருக்கிறது.

ஐன்ஸ்டீன் சொன்னதும் உலகம் ஒப்புக்கொண்டுவிட்டது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. 1913ஆம் ஆண்டு ஐன்ஸ்டீனைப் பிரஷ்ய அறிவியல் கழகத்துக்குப் பரிந்துரைத்து எழுதிய பிளாங்க் உள்ளிட்டோர், ஒளிக்குவாண்டம் போன்ற ஊகங்களில் அவர் சில வேளை குறி தவறியிருந்தாலும் அதைப் பெரிதுபடுத்த வேண்டாம் என்ற பொருளில் எழுதினார்கள். குவாண்டத்தின் தந்தையே குவாண்டத்துக்காக மன்னிப்புக் கேட்ட காட்சி இது. யங்கின் குறுக்கீட்டுச் சோதனையைப் பொட்டலங்களால் எப்படி விளக்குவது என்ற அவர்களுடைய தயக்கம் நியாயமானதே.

சிகாகோவில் ராபர்ட் மில்லிகன் இந்தக் கருத்தைத் தவறென்று காட்டும் எண்ணத்தோடு பல ஆண்டுகள் உழைத்தார். ஐன்ஸ்டீனின் கணிப்பு கறாரானது: நிறுத்து மின்னழுத்தத்தை அதிர்வெண்ணுக்கு எதிராக வரைந்தால் நேர்கோடு வர வேண்டும், உலோகத்தை மாற்றினால் கோடு இடம்பெயரலாம், ஆனால் அதன் சாய்வு மாறவே கூடாது. சோடியம், பொட்டாசியம், லித்தியம் போன்ற உலோகங்களின் மேற்பரப்பு காற்றுப் பட்டதும் கெட்டுவிடும். கெட்ட பரப்பில் எடுத்த அளவீடு எதற்கும் பயன்படாது. மில்லிகன் காற்று நீக்கிய கண்ணாடிக் கலத்துக்குள் உலோக உருளைகளை ஒரு சக்கரத்தில் பொருத்தி, வெளியிலிருந்து மின்காந்தத்தால் இயக்கப்படும் ஒரு கத்தியையும் உள்ளேயே வைத்தார். அளவீட்டுக்குச் சற்று முன் சக்கரம் சுழலும், கத்தி மேற்பரப்பை மெல்லியதாகச் சீவி எடுக்கும், புத்தம்புது உலோகம் ஒளியின் முன் வந்து நிற்கும். வெற்றிடத்துக்குள் ஒரு பட்டறையையே நடத்தினார் என்று சொல்ல வேண்டும். 1916இல் அவர் வெளியிட்ட முடிவு: கோடு நேர்கோடே, சாய்வு எல்லா உலோகங்களுக்கும் ஒன்றே, அதிலிருந்து கிடைத்த பிளாங்க் மாறிலி 6.57 × 10⁻³⁴ ஜூல் வினாடி. 2019ஆம் ஆண்டு முதல் அந்த மாறிலி 6.62607015 × 10⁻³⁴ என்று நிலையாக வரையறுக்கப்பட்டிருக்கிறது. ஒரு நூற்றாண்டுக்கு முன் கத்தியும் சக்கரமுமாக எடுத்த அளவு அதிலிருந்து ஒரு விழுக்காடுகூட விலகவில்லை. சமன்பாடு சரியென்று காட்டிய அதே கட்டுரையில், அதற்கு அடிப்படையான ஒளிக்குவாண்டக் கருத்தைத் துணிச்சலானது, ஏன் பொறுப்பற்றது என்றே சொல்லலாம் என்றும் மில்லிகன் எழுதினார். ஐன்ஸ்டீனுக்குக் கிடைத்த 1921ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசின் அறிவிப்பும் ஒளிமின் விளைவின் விதியைத்தான் குறிப்பிட்டது. ஒளிக்குவாண்டத்தைப் பற்றி மூச்சு விடவில்லை.

மாற்றம் 1923இல் ஆர்தர் காம்ப்டனின் எக்ஸ் கதிர்ச் சோதனையோடு வந்தது. எலக்ட்ரானில் மோதிச் சிதறிய எக்ஸ் கதிரின் அலைநீளம் சற்றே கூடியிருந்தது; அதாவது ஒவ்வொரு பொட்டலமும் தன் ஆற்றலில் ஒரு பங்கை எலக்ட்ரானுக்குக் கொடுத்துவிட்டுச் சிதறுகிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் இதற்கு இணையான ஒன்று இருக்கும் என்று தேடியவர்கள்தான் கல்கத்தாவில் சர் சி. வி. ராமனும், விருதுநகர் மாவட்டத்து வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனும். 1928இல் அவர்கள் கண்டதைப் பற்றித் தனியே எழுத வேண்டும். இங்கே தொட்டுவிட்டுப் போவது அதற்குச் செய்யும் அநீதி.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. இவ்வளவும் படித்தபின் ஃபோட்டானைச் சின்னஞ்சிறு குண்டுமணியாக மாணவர்கள் கற்பனை செய்துகொள்வார்கள். அதைக் கலைக்க 1909ஆம் ஆண்டு ஜி. ஐ. டெய்லர் கேம்பிரிட்ஜில் செய்த சோதனை ஒன்றே போதும். வாயுச் சுடரின் ஒளியைப் புகை படிந்த கண்ணாடிகளால் மங்கலாக்கி, ஒரு தையல் ஊசியின் நிழலைப் புகைப்படத் தகட்டில் விழச் செய்தார். ஒளி அவ்வளவு சன்னமாக இருந்ததால், மிக நீண்ட பதிவுக்கு ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஆயின. கருவிக்குள் ஒரே நேரத்தில் ஒரு பொட்டலத்துக்கு மேல் இருப்பதே அரிது என்ற நிலையிலும், ஊசி நிழலின் ஓரத்தில் அலைக்கே உரிய வரிகள் முன்போலவே தெளிவாக விழுந்திருந்தன. பொட்டலம் என்பது ஆற்றல் கைமாறும் விதத்தைப் பற்றிய செய்தி. அது வழியில் எப்படிப் பயணம் செய்கிறது என்பதற்கு அலைக் கணக்கைத்தான் இன்றும் போடுகிறோம். இரண்டையும் சேர்த்துச் சொல்லும் முழுக் கொள்கை கல்லூரியில் வரும்.

ஆசிரியர்களுக்கு மட்டும் இன்னொரு குறிப்பு. ஒளிமின் விளைவு ஒன்றை மட்டும் கொண்டு ஃபோட்டான் இருப்பதை நிரூபித்துவிட்டோம் என்று சொல்வது கறாரான பார்வையில் சரியன்று. உலோகத்தின் எலக்ட்ரான்களுக்குக் குவாண்டம் விதிகளைப் பொருத்தி, ஒளியைப் பழைய அலையாகவே வைத்துக்கொண்டும் இதன் பெரும்பகுதியை விளக்கிவிடலாம் என்று 1960களில் காட்டப்பட்டது. ஃபோட்டானுக்கான ஐயமற்ற சான்றுகள் 1970களிலும் 1980களிலும், ஒளியைத் தனித்தனிப் பொட்டலங்களாக எண்ணும் சோதனைகளில்தான் கிடைத்தன. பதினேழு வயது மாணவரிடம் இதை விரித்துச் சொல்லத் தேவையில்லை. ஆனால் ‘இதனால் நிரூபணமாயிற்று’ என்று கரும்பலகையில் எழுதுவதற்குப் பதிலாக ‘இதனால் இந்தக் கருத்து பிறந்தது’ என்று எழுதலாம்.

இந்த அறிவு உடனே பயன்படும் இடம் ஒன்றும் உண்டு. கைபேசிக் கோபுரத்தின் கதிர்வீச்சு உடலின் மூலக்கூறுகளை உடைக்கிறது என்ற செய்தி வாட்ஸ்அப் குழுக்களில் ஓயாமல் சுற்றுகிறது. கைபேசி அலைகளின் அதிர்வெண்ணை இரண்டு கிகாஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொண்டால், ஒரு ஃபோட்டானின் ஆற்றல் ஒரு எலக்ட்ரான் வோல்ட்டில் லட்சத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது. வேதிப் பிணைப்பை உடைக்கச் சில எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். இங்கே தாண்டுவது பாதிக் கிணறுகூட அன்று. கோபுரத்தின் திறன் கூடினால் இத்தகைய ஃபோட்டான்களின் எண்ணிக்கை கூடும், உடல் திசு சற்றுச் சூடாகலாம்; பாதுகாப்பு வரம்புகள் அந்தச் சூட்டை அடிப்படையாகக் கொண்டே வகுக்கப்படுகின்றன. மாறாக, வெயிலில் உள்ள புற ஊதாவின் ஃபோட்டான் ஒவ்வொன்றும் மூன்று, நான்கு எலக்ட்ரான் வோல்ட் கொண்டது. தோலைப் பழுதாக்கும் வேலையை அது தனியொன்றாகவே செய்துவிடும். கோபுரத்துக்கு அஞ்சுகிறவர் நண்பகல் வெயிலில் குடையின்றி நடப்பதைப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்பு வருவதுண்டு.

கடைசியாக, பிளாங்க் மாறிலியை மாணவர்களே அளந்து பார்க்கலாம். சிவப்பு, மஞ்சள், பச்சை, நீல எல்இடிகள், ஒன்பது வோல்ட் மின்கலம், 330 ஓம் மின்தடை, ஒரு பொட்டன்ஷியோமீட்டர் (மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு), ஒரு மல்டிமீட்டர் போதும். வெள்ளை எல்இடி வேண்டாம், அது பாஸ்பர் என்னும் ஒளிரும் பொருள் பூசிய நீல எல்இடிதான். எல்இடியில் எலக்ட்ரான் இறங்கி ஒளியாகிறது. ஒளிமின் விளைவைத் திருப்பிப் போட்டதுபோல. கருப்புச் சார்ட் தாளைக் குழல்போல் சுருட்டி எல்இடியின் மேல் கவிழ்த்து, அதன் வழியே பார்த்தபடி பொட்டன்ஷியோமீட்டரை மிக மெதுவாகத் திருக வேண்டும். ஒளி முதன்முதலாகக் கண்ணுக்குப் புலப்படும் கணத்தில், எல்இடியின் இரு முனைகளுக்கு இடையே உள்ள மின்னழுத்தத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். சிவப்புக்கு ஒன்றரை வோல்ட்டுக்குச் சற்று மேலும், நீலத்துக்கு இரண்டரை வோல்ட்டை ஒட்டியும் வரும். அதிர்வெண்ணுக்கு எதிராக வரைந்து, சாய்வை எலக்ட்ரானின் மின்னூட்டத்தால் பெருக்கினால், விடை 10⁻³⁴ என்ற அடுக்கில் 6க்கும் 8க்கும் இடையில் எங்காவது வந்து நிற்கும். கண்ணின் கூர்மை நிறத்துக்கு நிறம் வேறுபடுவதும், எல்இடிகள் வெவ்வேறு பொருள்களால் ஆனவை என்பதும், வெப்பத்தால் சில எலக்ட்ரான்கள் முன்கூட்டியே பாய்ந்துவிடுவதும் பிழைக்குக் காரணங்கள். சரியான விடை வரவேண்டும் என்பதற்காகப் புள்ளிகளை நகர்த்தும் மாணவர்களைவிட, 7.6 என்று எழுதிவிட்டு ஏன் என்று கேட்பவர்களுக்கே நான் கூடுதல் மதிப்பெண் தருவேன்.

அப்படிக் கேட்பவர்களுக்கு அடுத்த வேலையும் ஆயத்தமாக இருக்கிறது. மின்கலத்தைக் கழற்றிவிட்டு, சிவப்பு எல்இடியின் இரு கால்களையும் மல்டிமீட்டரில் மட்டும் இணைத்து, எரியும் நீல எல்இடியை அதன் முனைக்கு நேராகப் பிடியுங்கள். மீட்டரில் மின்னழுத்தம் எழும். நிறம் தோய்ந்த முனை பிற நிறங்களை விழுங்கிவிடும் என்பதால், இரண்டும் தெளிவான, நிறமற்ற முனை கொண்டவையாக இருக்க வேண்டும். பிறகு இடம் மாற்றுங்கள்: நீல எல்இடியை மீட்டரில் இணைத்து, எரியும் சிவப்பு எல்இடியை அதன் எதிரே பிடியுங்கள். ஒரு சிவப்பு எல்இடி போதாது என்று தோன்றினால் பத்தைச் சேர்த்துப் பிடித்தும் பாருங்கள்.